ஒரு கோடு தடிச்சா என்ன, மெலிஞ்சா என்ன?

பொட்டி தட்டுறவனுக்கும் கட்டட வரைபடத்துக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். சித்தப்பா பையன் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல டிராஃப்டிங் பண்றான். ஆபீஸ் டெம்ப்ளேட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் குடுன்னு கேட்டான். ரெண்டு சனிக்கிழமை அதுல உக்காந்து ஆணி புடுங்கினதுல தோணினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கலாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. வீடு கட்டப் போறவங்க கண்டிப்பா படிங்க.

என் கட்சி இதுதான்: கோட்டோட தடிமனும் வடிவமும் ஆபீஸ் அழகுக்காக இல்ல, சைட்ல நிக்கிற மேஸ்திரிக்காக. அதை மறந்துட்டுப் போடுற ஸ்டாண்டர்டு எவ்வளவு பெருசா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

நம்ம ஈக்காட்டுத்தாங்கல் பக்கத்துலயே உதாரணம் இருக்கு. கிண்டி தொழிற்பேட்டை 1958ல வந்தது. ஐ.டி. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவுல இன்னைக்கும் லேத் பட்டறைங்க ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அங்க ஒரு டிராயிங்கை நீட்டினா, நீளக் கோடும் சின்னக் கோடுமா மாத்தி மாத்தி மெல்லிசா வந்தா அது சென்டர் லைன். விட்டு விட்டு வந்தா மறைஞ்சிருக்கிற விளிம்பு. யாரும் யாரையும் கேக்க வேண்டாம். காரணம், ஐ.எஸ். 10714ன்னு இந்தியத் தர நிர்ணயம் ஒண்ணு இருக்கு. மொதல் வருஷம் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கிட்டு இஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் கிளாஸுக்கு அலைஞ்சோமே, அப்ப படிச்சதெல்லாம் இதுலேர்ந்து வந்ததுதான். தடிச்ச கோடு மெல்லிய கோட்டைவிட ரெண்டு மடங்காவது இருக்கணும்னு இந்த மரபுல ஒரு விதி உண்டு.

கட்டட வரைபடத்துக்கும் ஐ.எஸ். 962 இருக்கு. ஆனா நடைமுறையில ஆபீஸுக்கு ஒரு சட்டம். ஏன் இப்படி?

கொஞ்சம் பின்னாடி போவோம். கையால மை போட்டு வரைஞ்ச காலத்துல பேனாவுக்கே கலர் வளையம் இருந்துச்சு. 0.18 மி.மீ. சிவப்பு, 0.25 வெள்ளை, 0.35 மஞ்சள், 0.5 பழுப்பு, 0.7 நீலம். இந்த எண்கள் சும்மா வந்ததில்ல. ஒவ்வொண்ணும் முந்தினதைவிட ஏறக்குறைய 1.41 மடங்கு, அதாவது ரூட் 2. ஏ சீரிஸ் தாளும் அதே விகிதம்தான். ஏ1 ஷீட்டை ஏ2வுக்குச் சுருக்கினா 0.7 கோடு 0.5 ஆகும், 0.5 கோடு 0.35 ஆகும். சுருக்கின தாள்லயும் அடுத்த பேனாவை எடுத்துத் திருத்தலாம். எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாருங்க!

அப்புறம் ஆட்டோகேட் 1982ல வந்துச்சு. பேனா பிளாட்டர் காலம். திரையில சிவப்புன்னா இந்தப் பேனா, பச்சைன்னா அந்தப் பேனான்னு கலரை வச்சுத்தான் தடிமன். கோட்டுக்குன்னு தனியா தடிமன் குடுக்கிற வசதி 1999ல வந்த ஆட்டோகேட் 2000லதான் வந்துச்சு. ஆனா பழக்கம் போகல. இன்னைக்கும் பல ஆபீஸ்ல சி.டி.பி. ஃபைல்தான்: 255 கலர், கலருக்கு ஒரு தடிமன். ஒரு ஆபீஸ்ல மஞ்சள் 0.5, பக்கத்து ஆபீஸ்ல மஞ்சள் 0.18. ஸ்ட்ரக்சுரல் ஆளு அனுப்பின ஃபைலை இவங்க சி.டி.பி.ல பிரிண்ட் போட்டா, காலம் நூல் மாதிரியும் டைமென்ஷன் கோடு கயிறு மாதிரியும் விழும்.

நம்ம பாஷையில சொன்னா இது மேஜிக் நம்பர். கோடுக்குள்ள 3னு எழுதி வச்சிட்டு, 3ன்னா சுவர்னு எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்றது. ரிவ்யூல வந்தா சும்மா விடுவோமா? பேர் வச்சுக் கூப்பிடுற எஸ்.டி.பி. முறை அதே ஆட்டோகேட் 2000லேயே வந்தாச்சு. "வெட்டுப்பட்ட சுவர்", "மேல இருக்கிற பீம்"னு அர்த்தத்தை வச்சுப் பேர் வைக்கலாம். ஆனா அதைத் தொடுறவங்க கம்மி.

சரி, இதனால யாருக்கு என்ன நஷ்டம்? ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, தெரிஞ்சவர் வீட்டுல நடந்தது. லாஃப்ட் தலைக்கு மேல வர்றதால விட்டு விட்டுக் கோடு போட்டிருக்காங்க. பிரிண்ட்ல அது முழுக் கோடா விழுந்திருக்கு. மேஸ்திரி அதைக் கட்டைச் சுவர்னு நெனச்சு மூணு அடிக்கு எழுப்பிட்டார். இடிச்ச செலவு வீட்டுக்காரருக்கு. முழுக் கோடு எப்படி வந்துச்சு? ஆட்டோகேட் கூட வர்ற மெட்ரிக் ஃபைல்ல 'டேஷ்டு' கோட்டோட ஒரு துண்டு 12.7 மி.மீ., இடைவெளி 6.35. நீங்க வீட்டை நிஜ அளவுல வரைவீங்க. 1:100ல பிரிண்ட் எடுத்தா அந்தத் துண்டு 0.127 மி.மீ., இடைவெளி அதுல பாதி. கண்ணுக்கு எப்படித் தெரியும்? எல்.டி.ஸ்கேல்னு ஒரே ஒரு செட்டிங் சரியில்லாததுக்கு ஒரு சுவர் பலி.

ரெண்டாவதுதான் எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. தேசியக் கட்டட விதித் தொகுப்புல பிளானுக்குக் கலர் அட்டவணை உண்டு. புதுசா கட்டுறது சிவப்பு. இடிக்கப் போறது மஞ்சள், கூடவே சாய்கோடு. கழிவுநீர்க் குழாய் சிவப்புப் புள்ளிக் கோடு. தண்ணிக் குழாய் மெல்லிசான கறுப்புப் புள்ளிக் கோடு. கலர்ல பாத்தா தெளிவு. இப்ப அதையே ஜெராக்ஸ் கடையில கறுப்பு வெள்ளையில ரெண்டு ரூபாய்க்கு எடுங்க. ரெண்டும் புள்ளிக் கோடு! மிச்சம் இருக்கிற ஒரே வித்தியாசம் தடிமன். அதையும் நம்ம டெம்ப்ளேட் எல்லாத்துக்கும் ஆட்டோகேட் டிஃபால்ட் 0.25ன்னு விட்டிருந்தா? குடிக்கிற தண்ணிக்கும் சாக்கடைக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. இடிக்கிற சுவர் தப்பிச்சிடும், ஏன்னா அதுக்கு மஞ்சள் போனாலும் சாய்கோடு இருக்கு. பாடம் அதுதான்: ஒரு தகவலை ஒரே குறியில வைக்காதீங்க. ஒண்ணு அழிஞ்சா இன்னொண்ணு பேசணும்.

"அனுபவப்பட்ட மேஸ்திரிக்கு இதெல்லாம் சொல்லணுமா?"ன்னு தம்பி ஆபீஸ்ல கேட்டாங்க. அனுபவம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அவர் ஊகிக்கிற மாதிரி வரைஞ்சு குடுத்துட்டு, ஊகம் தப்பானா அவரைத் திட்டுறது என்ன நியாயம்? 2024 ஜூலையில தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்துச்சு. 2500 சதுர அடி வரைக்கும் மனை, 3500 சதுர அடி வரைக்கும் வீடுன்னா சட்டுன்னு அனுமதி. நல்ல விஷயம். ஆனா இந்த அளவு வீட்டுக்கெல்லாம் யார் சைட் இஞ்சினியர் வச்சுக் கட்டுறாங்க? அந்தத் தாள்தான் இஞ்சினியர்.

"இப்ப எல்லாம் ரெவிட் வந்தாச்சே"ன்னு இன்னொரு கட்சி. ரெவிட் நல்ல சாமான்தான். 16 தடிமன் எண், 1:50க்கு ஒண்ணு, 1:100க்கு ஒண்ணுன்னு ஸ்கேல் வாரியா பிரிச்சு வைக்கலாம். ஆனா அந்த 16 எண்ணுக்கு என்ன அர்த்தம்னு முடிவு பண்ண வேண்டியது மனுஷன். சாஃப்ட்வேர் மாறினா குழப்பம் ஒழியாது, புதுப் பொட்டிக்குக் குடி போகும், அவ்வளவுதான் :-)

சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? என் யோசனை:

1. மூணே தடிமன் போதும். 0.7 வெட்டுப்பட்ட சுவருக்கு, 0.35 கண்ணுக்குத் தெரியிற விளிம்புக்கு, 0.18 டைமென்ஷனுக்கும் சாய்கோட்டுக்கும். ஒவ்வொண்ணும் பாதிக்குப் பாதி. ஏ1ஐ ஏ3க்குச் சுருக்கினாலும் வித்தியாசம் தெரியும்.

2. பேர் அர்த்தத்துக்கு வைங்க, கலருக்கு வைக்காதீங்க.

3. கழிவுநீர், குடிநீர் கோட்டுக்குள்ளேயே எழுத்து வைங்க. ஆட்டோகேட் கூடவே 'கேஸ்' எழுத்து வர்ற கோடு குடுக்கிறாங்க, அதைப் பாத்துச் செஞ்சுக்கலாம். ரெவிட் கோட்டுக்குள்ள எழுத்து வராது, பக்கத்துல டேக் போடுங்க.

4. எந்த டெம்ப்ளேட்டா இருந்தாலும் ஜெராக்ஸ் கடைப் பரீட்சை வைங்க. ஏ3, கறுப்பு வெள்ளை, ஜெராக்ஸோட ஜெராக்ஸ். அதுல பாஸானாத்தான் ஸ்டாண்டர்டு.

5. ஒவ்வொரு ஷீட்லயும் குறி விளக்கம் தமிழ்ல. "மேல லாஃப்ட்", "இடிக்கணும்", "புதுச் சுவர்", "கழிவுநீர்", "குடிநீர்". அஞ்சு வரி போதும். திஸ்கி, பாமினின்னு முன்னோர்கள் பட்ட பாடெல்லாம் முடிஞ்சாச்சு. இப்ப யூனிகோட் தமிழ் இருக்கு. அப்புறமும் மேஸ்திரிக்கு இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கிறது சோம்பேறித்தனம், வேற காரணம் எதுவும் இல்ல.

இந்த அஞ்சுல ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடியும்னா அஞ்சாவதைச் செய்யுங்க. தடிமன் தப்பானாலும் தமிழ் காப்பாத்தும்.

கட்டடத் துறையில இருக்கிற பதிவர்கள் யாராவது இருந்தா உங்க ஆபீஸ் கோடுக் கதையைப் பின்னூட்டத்துல எழுதுங்க. வீடு கட்டிக்கிட்டிருக்கிறவங்க இன்னைக்கே பிளானை எடுத்துப் பாருங்க: குடிநீர் எது, கழிவுநீர் எதுன்னு உங்களுக்கே தெரியுதா?