கோட்டையைக் காட்டுவோர் லயத்தையும் காட்டட்டும்!

ஊவாத் தோட்டப் பகுதிப் பிள்ளைகளைக் காலிக் கோட்டைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்கிறார்கள். கொழுந்து பறித்த கூலியில் மிச்சம் பிடித்துத் தாய்மார் பணம் கட்டுகிறார்கள். பிள்ளைகள் கடலைக் காண்கிறார்கள், மகிழ்கிறார்கள். இதனை நாம் எதிர்க்கவில்லை. மலைக்கு அப்பாலும் உலகம் உண்டென்று மலைநாட்டுப் பிள்ளை அறிவது நன்றே. நாம் எழுப்பும் வினா வேறு. அங்கே எது காட்டப்படுகிறது? எது மறைக்கப்படுகிறது?

போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருக்கிக் கட்டி, 1796இல் ஆங்கிலேயர் வசமான கோட்டை அது. வாயிலில் 1669ஆம் ஆண்டின் கம்பனிச் சின்னம். உள்ளே 1755ஆம் ஆண்டின் தேவாலயம். பிள்ளைகள் ஆண்டுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கம்பனி அடிமைகளை வைத்து வேலை வாங்கிய கம்பனி என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்? அதே காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட சீனத் தளபதி செங் ஹோவின் கல்வெட்டில், சீனமும் பாரசீகமும் நிற்க, கூடவே தமிழும் நிற்கிறதே! இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் அக்கல்லைப் பற்றி எத்தனை பிள்ளைகள் அறிவர்?

காலி கிடக்கட்டும். வெள்ளையர் ஆட்சியின் சுவட்டைக் காண அத்தனை தூரம் போகவும் வேண்டுமா? பதுளை நகரிலேயே புனித மாற்கு தேவாலயம் நிற்கிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸின் நினைவாக எழுந்தது அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்திய அதிகாரிக்கு ஒரு கோயில்! தலைமன்னார்க் கரையிலிருந்து காடும் காய்ச்சலும் கடந்து நடந்து, வழியிலே மடிந்த கூலிகளின் பெயர் சொல்ல ஒரு கல் உண்டா? தேயிலை ஏற்றிச் செல்லப் புகையிரதம் 1924இல் பதுளைக்கு வந்தது. அத்தேயிலையை நட்ட கைகளின் கதை எந்தப் பாடத்தில் வருகிறது?

இது வெறும் பெருமைப் பேச்சன்று, உரிமை வழக்கு. ஆதாரம் இல்லாதவன் வழக்கில் தோற்பான் என்பது நீதிமன்றம் அறிந்த உண்மை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களிடம் கேட்டது என்ன? உன் தந்தை இந்நாட்டில் பிறந்தான் என்று நிரூபி என்றது. காட்டை அழித்துக் கழனியாக்கியவனிடம் காகிதம் இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றோர் ஆயினர். 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் அவர்களைத் தொகையிட்டுப் பங்கு போட்டனர். எஞ்சியோருக்கு முழுப் பிரஜாவுரிமை வழங்க 2003ஆம் ஆண்டுவரை சட்டம் தேவைப்பட்டது. வாக்குரிமை வந்தது, லயத்து மண்ணுக்கு உறுதி இன்னும் பலருக்கு வரவில்லை.

கோட்டைச் சுவர் சிதையக்கூடாது என்று உலகமே கவலைப்படுகிறது. 1988 முதல் அது உலக மரபுரிமைச் சின்னம். சரி, காக்கட்டும். ஆனால் அதே வெள்ளையர் கட்டிய லயங்களோ? பெரகலையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் பாதையிலே கொஸ்லாந்தை இருக்கிறது. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் அங்கே மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதைந்தன, மனிதரும் புதைந்தனர். மலை சரியும் என்று முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஆளில்லாச் சுவருக்கு அத்தனை காவல். ஆள் வாழும் சுவருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றே காவல்! இதைவிட வேறு வரலாற்றுப் பாடம் வேண்டுமா?

"பிள்ளைகளின் உல்லாசத்தில் அரசியலைக் கலக்கலாமா?" என்று சில கனவான்கள் கேட்பர். ஆண்டவனின் கோட்டையைக் காட்டி, உழைத்தவனின் குடிசையை மறைப்பது மட்டும் அரசியல் இல்லையா?

நாம் கேட்பது பெரிதன்று. காலிக்குப் போகுமுன், சொந்த மலையைக் காட்டுங்கள். 1940இல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தம் சபையை ஏற்கும்படி துரையைப் பணிய வைத்த கதையைச் சொல்லுங்கள். கம்பளையை அடுத்த பழைய பீக்கொக் தோட்டத்தில், லயமொன்றிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. அங்கே ஒரு பஸ்ஸைத் திருப்புங்கள். அத்தகைய இல்லம் ஒன்று ஊவாவிலும் எழ மாகாண ஆட்சி ஆவன செய்யட்டும்.

உபாத்தியாயர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டியிடம் அமர்ந்து, குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, எந்தத் தோட்டத்துக்கு வந்தது என்று கேட்டு எழுதட்டும். துண்டு, பற்றுச்சீட்டு, பழைய கடவுச்சீட்டு எதுவாயினும் பத்திரப்படுத்தட்டும். நாளை நிலத்துக்கு உரிமை கேட்டு நிற்கும்போது, அந்தக் கொப்பியே நம் சாட்சி. நேற்றுக் காகிதம் இன்றித் தோற்றோம். நாளையும் அப்படித் தோற்க நாம் ஆயத்தமாயில்லை!