முகத்தில் பாலைத் தேடும் யந்திரமும் ஐரோப்பியச் சட்டமும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்திலுள்ள தடைவிதிகள் 2025 பிப்ரவரி 2 முதல் அமலுக்கு வந்துவிட்டபடியால், முக உணர்வு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் நாம் இனியும் எழுத்தோடு நின்றுவிடுவது முறையன்று. உடலடையாளங்களைக் கொண்டு ஒருவருடைய இனம், சமயம், அரசியல் அபிப்பிராயம், தொழிற்சங்கச் சார்பு, பாலியல் நாட்டம் முதலியவற்றை அனுமானிப்பதை ஐந்தாம் ஷரத்து விலக்குகிறது. ஆணா பெண்ணா என்று அனுமானிப்பதோ அத்தடையில் அகப்படாமல், உயர் ஆபத்து வகுப்பில் நிபந்தனைகளோடு பிழைத்துக்கொண்டது.

கூந்தலை மறைத்தும் நூற்றுக்குச் சுமார் 96 முகங்களில் பாலைச் சரியாகச் சொல்லிவிடும் கண், லேசர் வருடலில் புருவமும் தோலின் நிறமும் கழிந்து வடிவம் மட்டுமே எஞ்சும்போது வெகுவாகத் தடுமாறுகிறது என்று புரூஸ் குழுவினர் 1993-இல் காட்டியதும், கண்ணும் உதடும் சுற்றியுள்ள தோலிலிருந்து எவ்வளவு மாறுபட்டுத் தெரிகின்றனவோ அவ்வளவுக்கு முகம் பெண்முகமாகத் தோன்றுகிறது, ஒப்பனை அந்த மாறுபாட்டையே மிகைப்படுத்துகிறது என்று ரஸ்ஸல் 2009-இல் நிறுவியதும் வாசகர் அறிந்தவையே.

ஆனால் உயர் ஆபத்து வகுப்புக்கான நிபந்தனைகளில் ஒன்றாகிய பத்தாம் ஷரத்து, பயிற்சித் தரவுகள் இயன்றவரை பிழையற்றிருக்க வேண்டுமென்கிறதே, எதனோடு ஒப்பிட்டுப் பிழை காண்பது? முகத்தில் பாலைக் கணிக்கும் வணிக யந்திரங்களுக்குக் கருநிறப் பெண்களிடத்தில் 34.7 சதவீதம் வரையும் வெண்ணிற ஆண்களிடத்தில் அதிகபட்சம் 0.8 சதவீதமும் தவறு நேர்வதை 2018-இல் அம்பலப்படுத்தி, நிறுவனங்களை நியாயமாகவே தலைகுனிய வைத்த புவலம்வினி, கெப்ரு ஆய்விலுங்கூட, விடை குறிக்கப்பட்டது பெயரையும் அடைமொழியையும் படத்தின் தோற்றத்தையும் பார்த்துத்தான். பார்ப்பவரின் தீர்ப்பையே ஆராயும் நமது கூடத்தில் அந்தப் பார்வை தரவு. பார்க்கப்படுபவரைத் தீர்மானிக்கும் வாயிலிலோ அதே பார்வை சத்தியமாக உயர்த்தப்பட்டு, யந்திரமும் அதனாலேயே பரீட்சிக்கப்பட்டுத் தேர்ச்சியும் பெற்றுவிடுகிறது. மாணவனே தன் விடைத்தாளையும் திருத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பற்றி இவ்வேட்டில் வாசகர் சலிக்குமளவுக்கு எழுதியாயிற்று. பிரஸ்ஸல்ஸில் அதைக் கேட்பாரில்லை.

நம் குரல் எட்டவில்லையென்றால் போகட்டும்; ஒன்றியத்தின் சொந்தத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் இரண்டும் 2021 ஜூனில் கூட்டாக அளித்த கருத்துரையிலேயே, இனத்தோடு பாலையும் சேர்த்துத் தடைசெய்யுமாறு வெளிப்படையாகக் கேட்டிருந்தனவே! கூகிள் 2020-இலும் மைக்ரோசாப்ட் 2022-இலும், லாபம் கருதும் வணிகர்களாயிருந்தும், தாமாகவே கைவிட முன்வந்த ஒன்றை, ஆலோசனை கையிலிருந்தும் விலக்கத் துணியாத சட்டசபையினரை என்னென்பது?

அவர்கள் செய்யாததில் ஒரு சிறு பகுதியை நாம் செய்யலாம். முகத்தொகுப்பில் பாலைக் குறித்தவர் யார், எதைப் பார்த்துக் குறித்தார், சம்பந்தப்பட்டவரைக் கேட்டாரா என்பதைத் தெரிவிக்காத கட்டுரைகள் அடுத்த இதழ் முதல் மதிப்பீட்டாளருக்கு அனுப்பப்படமாட்டா.