ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மை: குழந்தை கைக்கு எப்படி வருது?

2025 அக்டோபர், தீபாவளி நேரம். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்த இரண்டு 40 அடி கன்டெய்னர்களை வருவாய் புலனாய்வு இயக்குநரக அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். முன்னால் சிலிக்கான் பசை பீய்ச்சும் கருவிகள். பின்னால் 83,520 சீனப் பட்டாசுகள். மதிப்பு சுமார் 5 கோடி ரூபாய்.

அது பட்டாசு. பொம்மை வருவதும் கிட்டத்தட்ட இதே வழிதான். அதே ஆண்டு ஜூலையில் குஜராத்தின் முந்த்ரா உள்ளிட்ட இடங்களில் சிக்கிய சீனப் பொம்மைகள், அலங்காரச் செடி, சாவிக்கொத்து என்று கணக்குக் காட்டி வந்தவை.

ஏன் மறைக்கணும்? 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டுத் தயாரிப்புக்கும் இதே விதிதான். இறக்குமதி வரியும் 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. பெயரை மாற்றிச் சொன்னால் வரியும் மிச்சம், பரிசோதனையும் மிச்சம்.

அந்தப் பரிசோதனையில்தான் விஷயமே இருக்கு. பெயின்ட்டில் ஈயம் உண்டா, எளிதில் தீப்பிடிக்குமா, சின்னப் பாகம் கழன்று வருமா என்று பார்ப்பார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான பொம்மையில், 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுசாக அடங்கும் பாகம் இருந்தால் தேறாது. தொண்டையில் சிக்கும் என்பதுதான் காரணம்.

எல்லா கன்டெய்னரையும் சுங்கத் துறை திறந்து பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. தப்பி வந்த சரக்கு பனிமய மாதா திருவிழாக் கடையில் அட்டைப்பெட்டி இல்லாமல் குவிந்து கிடந்தால், முத்திரையைத் தேடவே இடமிருக்காது. பெட்டி இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள 'சிஎம்/எல்' எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்க. யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். முத்திரையை யாரும் அச்சடிக்கலாம், அதனால் எண்தான் முக்கியம். (தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை போல புவிசார் குறியீடு உள்ளவற்றுக்கும், பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் இதில் விலக்கு உண்டு.)

லைட் எரியும், பாட்டுப் பாடும் பொம்மை என்றால் பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கா என்று முதலில் பாருங்க. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்துவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும்: வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே தூக்கிட்டுப் போகணும்.