தாத்தா, பாட்டியோடு கடலோர ஊருக்கு ஷிஃப்ட் ஆகலாமா? முதல்ல பார்க்க வேண்டியது கடலை அல்ல!

‘சென்னை வாடகை கட்டுப்படியாகல, கடலோரமா ஒரு சின்ன ஊருக்குப் போயிடலாம்’ என நினைக்கும் கூட்டுக் குடும்பங்களுக்கு, தரங்கம்பாடியைப் பார்த்ததும் ஆசை வரும். 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய, அமைதியான ஊர்.

ஆனா, ராத்திரி 2 மணிக்கு தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தா? பெரிய சிகிச்சைக்கு காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோதான் ஓடணும். அதுக்கு, சுமார் 15 கி.மீ. தள்ளியிருக்கும் காரைக்காலிலேயே குடியேறுவது நல்லது. பொது மருத்துவமனை, பள்ளி, கடைத்தெரு எல்லாம் பக்கத்துலயே இருக்கு. கடலும் அதே வங்கக்கடல்தான். ஒரே சிக்கல், அது புதுச்சேரி நிர்வாகத்தில் வருவதால் ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகைக்கு அங்கே புதுசா விண்ணப்பிக்கணும்.

எந்த ஊரானாலும் கரையை ஒட்டி அவசரப்பட்டு மனை வாங்க வேண்டாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. 2004 சுனாமியில் அடிவாங்கிய கரை இது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்க. தெருவில் தண்ணி நிக்குதா, போர் தண்ணி உப்புக் கரிக்குதா, பாட்டியால கோயிலுக்கு நடந்து போக முடியுதான்னு தெரிஞ்சிடும். மனை பார்ப்பதெல்லாம் அதுக்கப்புறம்தான்.