ஜெயித்தவனுக்கு ஏன் கதவு திறக்கவில்லை?

1948-49 சீசன் என்றதும் இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள் சொல்லும் பெயர் யோவில் டவுன். சதர்ன் லீக் என்ற வட்டார லீக்கில் ஆடிய சின்ன டீம். 1949 ஜனவரி 29 அன்று எஃப்.ஏ. கோப்பையில், முதல் டிவிஷன் டீமான சண்டர்லாந்தைத் தன் சரிவான மைதானத்தில் 2-1 என்று கவிழ்த்தது. முதல் கோல் அலெக் ஸ்டாக். மேனேஜரும் அவரே, ஆட்டக்காரரும் அவரே! அடுத்த சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நல்ல கதைதான். ஆனால் என் கேள்வி வேறு. அந்த சீசனில் சதர்ன் லீக்கை ஜெயித்தது யார்? கில்லிங்ஹாம். அதற்குப் பரிசு? அடுத்த வருடமும் அதே சதர்ன் லீக்!

காரணம், அன்று மேலே போகப் புள்ளிகள் மட்டும் போதாது. 88 கிளப்கள் கொண்ட ஃபுட்பால் லீக்கில் கடைசி இடங்களில் வந்தவர்களும், வெளியில் இருப்பவர்களும் விண்ணப்பம் போட வேண்டும். உள்ளே இருக்கும் கிளப்கள் ஓட்டுப் போடும். பெரும்பாலும் பழைய ஆட்களே திரும்பி வருவார்கள். கில்லிங்ஹாமே 1938-ல் இந்த ஓட்டில் தோற்று, இப்ஸ்விச்சுக்கு இடத்தை விட்டுக்கொடுத்து வெளியே வந்த கிளப்தான்.

1950-ல் லீக்கை 92 கிளப்களாக்கினார்கள். சதர்ன் லீக்கிலிருந்து கில்லிங்ஹாமும் கோல்செஸ்டரும் போயின. அந்த வருடம் முதலிடம் பிடித்ததோ வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில்! 1948 முதல் 1954 வரை ஏழு சீசன்களில் ஐந்து முறை சாம்பியன். கடைசிவரை ஃபுட்பால் லீக்குக்குள் அது நுழையவே இல்லை.

"பணம், மைதானம், பயணச் செலவு எல்லாம் பார்க்க வேண்டாமா?" என்று கேட்கலாம். பார்க்கட்டும். ஆனால் அதை விதியாக எழுதி வைத்தால் எல்லோரும் படித்துத் தயாராகலாம். போட்டியாளனை உள்ளே விடலாமா என்று போட்டியாளனே ஓட்டுப் போட்டால் அதற்குப் பெயர் தகுதித் தேர்வா? நம் வகுப்பில் அடுத்த வருடம் யார் படிக்கலாம் என்று முன்வரிசைக்காரர்கள் கைதூக்கி முடிவு செய்தால் சும்மா இருப்போமா?

2021-ல் 12 பணக்கார கிளப்கள் சூப்பர் லீக் என்று தனிக்கடை போடப் பார்த்தபோது, "ஜெயித்தவன் மேலே வருவதுதான் எங்கள் மரபு" என்று இங்கிலாந்து ரசிகர்கள் கொதித்தார்கள். நியாயமான கோபம். ஆனால் லீக்குக்கு வெளியே இருந்த கிளப்களுக்கு அந்த மரபு 1987-ல் ஸ்கார்பரோ நேரடியாக உள்ளே வந்தபோதுதான் ஆரம்பித்தது. யோவிலும் 2003-ல் அந்த வழியாகத்தான், யார் ஓட்டும் கேட்காமல், உள்ளே போனது.

சண்டர்லாந்தை வீழ்த்திய அந்த ஒரு நாளைக் கொண்டாடுவது சுலபம். வருடம் முழுக்க ஜெயித்தும் வாசலில் நின்றவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோமே!