தத்தெடுக்க முன் தம்பதியர் பேசி முடிக்க வேண்டியவை

சில வருடங்களுக்கு முன் ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தேன். வலீ யார் என்ற கேள்வி வந்ததும் மணமகளின் வாப்பா தலைகுனிந்தார். அவள் அவர் பெற்ற பிள்ளையல்ல. பிறந்த சில நாட்களில் வாங்கி, தம் பிள்ளையாகவே பிறப்புப் பதிவு செய்து வளர்த்திருந்தார்கள். அந்த உண்மையை அவள் கேட்டது அன்றுதான். காதி நீதிபதியை அணுகி நிக்காஹ் நடந்தது. ஆனால் அவள் அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அநாதையை அரவணைப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை; வம்சத்தை மறைப்பதையே தடுக்கிறது. ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்கள் ‘முஹம்மதின் மகன்’ என்று அழைக்கப்பட்டு வந்தார்கள். ஸூரா அஹ்ஸாபின் வசனங்கள் இறங்கிய பின் தம் தந்தையின் பெயராலேயே அழைக்கப்பட்டார்கள். நபியவர்களின் அன்பு அதனால் குறைந்துவிடவில்லை.

எனவே பிள்ளையைத் தேட முன் கணவனும் மனைவியும் நான்கு விடயங்களைப் பேசி முடிக்க வேண்டும்.

முதலாவது, சட்டம். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை பெற்றே தத்தெடுக்க வேண்டும். பொதுவாக விண்ணப்பதாரர் 25 வயதுக்குக் குறையாதவராகவும் பிள்ளையை விட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். தரகர் மூலம் பிள்ளை வாங்கிப் பொய்ப் பதிவு செய்வது குற்றம். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தை அணுகுவதே நேரான வழி.

இரண்டாவது, மஹ்ரம். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்படும். ஆண் பிள்ளைக்கு மனைவியின் சகோதரி பாலூட்டினால் மனைவி சாச்சியாகிறாள். பெண் பிள்ளைக்குக் கணவனின் சகோதரி பாலூட்டினால் கணவன் மாமாவாகிறார். கைக்குழந்தையாக எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே குடும்பத்தில் பேசிக்கொள்ளலாம்.

மூன்றாவது, சொத்து. ஷரீஆவின் வாரிசுப் பங்கில் வளர்ப்புப் பிள்ளைக்கு இடமில்லை. ஆனால் மூன்றிலொன்று வரை வஸிய்யத் செய்யலாம். உயிருடன் இருக்கும்போதே அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். இதை நொத்தாரிசு மூலம் எழுதி வைக்காமல் மௌத்தானவர்களின் பிள்ளைகள் வாசலில் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

நான்காவதும் கடினமானதும், உண்மையைச் சொல்வது. அயலவர் வாயிலிருந்து கேட்க முன், விபரம் தெரியத் தொடங்கும் வயதிலிருந்தே சிறுகச் சிறுகச் சொல்லுங்கள். நான் பார்த்த அந்தப் பிள்ளை உம்மா வாப்பாவை வெறுக்கவில்லை. “ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல்ல?” என்றுதான் கேட்டாள். யாரிடமும் பதில் இருக்கவில்லை.