15,841 பேர் எங்கே போனார்கள்?

கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுகிறார். பக்கம் நிரம்பிவிட்டது. என்ன செய்வார்? அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். பேரேடே தீர்ந்துவிட்டால், "வேறு வாங்கிக் கொடுங்கள்" என்று முதலாளியிடம் கேட்பார்.

கம்ப்யூட்டர் அப்படிக் கேட்காது. ஆள் கவனிக்காவிட்டால், இடம் கொண்ட மட்டும் எழுதிவிட்டு மீதியை விட்டுவிடும்!

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு அதுதான் நடந்தது.

கொரோனா பரவிய நேரம் அது. பரிசோதனைக்கூடங்கள் தங்கள் முடிவுகளை "சி.எஸ்.வி." கோப்புகளாக அனுப்பின. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வெறும் பட்டியல்தான். பெயர், ஊர், தேதி, முடிவு என்று ஒரே வரியில் இருக்கும். நடுநடுவே கமா இருக்கும். எத்தனை லட்சம் வரிகள் வேண்டுமானாலும் நீளும்.

அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் அதை எடுத்துப் பழைய மாதிரி எக்செல் தாளில் கொட்டியது. அந்தத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லை. ஒரு நோயாளிக்கே பல வரிகள் தேவைப்பட்டன. தாள் நிரம்பியது. மீதிப் பேர் விடுபட்டார்கள்.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை விடுபட்டவர்கள் 15,841 பேர்!

தவறு தெரிந்து, விட்டதைச் சேர்த்தார்கள். அக்டோபர் 3ஆம் தேதி 12,872 என்று இருந்த எண்ணிக்கை மறுநாள் 22,961 ஆயிற்று. ஒரே நாளில் நோய் இப்படிப் பெருகிவிட்டதா என்று ஜனங்கள் திகைத்தார்கள்.

நோயாளிகளுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் "யார் யாரோடு பழகினீர்கள்?" என்று விசாரிக்க வேண்டியவர்களுக்குப் பெயர் போகவில்லை. கூட வேலை செய்தவரையும் பக்கத்து வீட்டுக் கிழவரையும் எச்சரிக்க ஆள் இல்லை. 5ஆம் தேதி காலை வரை ஏறக்குறைய பாதி நோயாளிகளைத்தான் விசாரிக்க முடிந்தது என்று சுகாதார மந்திரி மாட் ஹான்காக் பார்லிமெண்டில் சொன்னார்.

எக்செல் மேல் பழி போடுவது சரியல்ல. அது வீட்டு வரவு செலவுக்கும் கடைக் கணக்குக்கும் நல்ல கருவி. குடத்தில் ஏரியை மொள்ளப் பார்த்ததுதான் தப்பு.

தபால்காரர் வழி

பெரிய பட்டியலுக்கு "ஸ்கிரிப்ட்" வேண்டும். அது கம்ப்யூட்டருக்கு எழுதித் தரும் கட்டளைச் சீட்டு. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர் ஊராகப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். ஒரு வரியைப் படிக்கும். ஊர் லண்டனா? லண்டன் கணக்கில் ஒன்று கூட்டும். அடுத்த வரிக்குப் போகும். முழுப் பட்டியலையும் தலையில் சுமக்காது. ஊர்க் கணக்கு மட்டும் நினைவில் இருந்தால் போதும். இதற்கென்றே 1977இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று பேர் "ஆக்" என்ற மொழியைச் செய்தார்கள். அது புதுச் சரக்கு அல்ல!

அதிலும் கண்ணி உண்டு. விலாசத்துக்குள்ளேயே ஒரு கமா இருந்தால், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் தெருப் பெயர் வந்து நிற்கும். ஒரே ஊரை இரண்டு விதமாக எழுதினால் இரண்டு ஊராக எண்ணிவிடும். ஆகவே வந்த வரி எத்தனை, எண்ணிய வரி எத்தனை என்று ஒத்துப் பார்க்கும் கட்டளையும் அதே சீட்டில் இருக்க வேண்டும். ஒரு வரி குறைந்தாலும் வேலை அங்கேயே நிற்க வேண்டும்.

இங்கிலாந்தில் உடனே செய்த பரிகாரம் என்ன தெரியுமா? கோப்புகளைச் சிறு சிறு துண்டாக்கி, மறுபடியும் எக்செல் தாள்களிலேயே போட்டார்கள்!